கூட்டம் சேந்தா பாயுமா, விலகுமா? ஆறு மாச ப்ராஜெக்டுக்கு எந்த விப்ரியோவை எடுக்கறது

போன ஞாயித்துக்கிழமை யஷ்வந்த்பூர்ல ஒரு தர்ஷினி வாசல்ல நின்னு பை-டூ காபி குடிச்சிட்டு இருக்கும்போது ஒரு ஜூனியர் பொண்ணு கேட்ட கேள்விக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன். ஊரு மரக்காணம் பக்கம், அப்பா இறால் ஹேச்சரில தொட்டி பாக்கறவர், இவ இங்க பெங்களூர்ல எம்எஸ்சி கடைசி வருஷம், கடல் பாக்டீரியா கோரம் சென்சிங்ல, அதாவது பாக்டீரியாங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்கறதுல ப்ராஜெக்ட், கையில இருக்கறது ஆறே மாசம். "அக்கா, ஃபிஷெரி எடுக்கவா, காம்பெல்லி எடுக்கவா, காலரா எடுக்கவா, இல்ல கிளாஸ்ல எல்லாரும் பண்ற மாதிரி க்ரோமோபாக்டீரியத்துல மூலிகைச் சாறு ஊத்திப் பாக்கவா?"ன்னு கேட்டா. முதல் மூணும் விப்ரியோங்கற பாக்டீரியா குடும்பம், கடைசி வேற குடும்பம். பாதி சொல்றதுக்குள்ள அவ பஸ் வந்துடுச்சு. மீதியை எழுதித்தரேன்னு சொல்லி அனுப்பினேன்.

அடிப்படையை சீக்கிரம் சொல்லிடறேன். ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு சின்ன மூலக்கூறை வெளியே விட்டுக்கிட்டே இருக்கும், ஆளு கம்மியா இருந்தா அது தண்ணில கரைஞ்சு காணாம போயிடும், கூட்டம் கூடினா அளவு ஏறும், ஒரு எல்லை தாண்டினதும் எல்லா செல்லும் ஒரே நேரத்துல ஜீன்களை மாத்திப் போடும். 1970ல நீல்சன், ப்ளாட், ஹேஸ்டிங்ஸ் மூணு பேரும் ஒளிரும் கடல் பாக்டீரியால இதைக் காட்டினாங்க, 1981ல மூலக்கூறோட அமைப்பு தெரிஞ்சுது, கோரம் சென்சிங்ங்கற பேரு 1994லதான் வந்துச்சு.

இதைப் படிச்சதும் நம்ம மண்டைல ஒரு படம் உக்காந்துக்கும். ஆளு கம்மியா இருக்கும்போது பதுங்கி இருக்கும், கூட்டம் சேந்ததும் விஷத்தைக் கக்கும், அதனால அதுங்க பேச்சை அடைச்சுட்டா நோய் நின்னுடும். சூடோமோனாஸ்ங்கற பாக்டீரியாவுக்கு இது ஓரளவு பொருந்தும். விப்ரியோ பக்கம் வந்தா இந்தப் படத்தை நம்பி இறங்கினவங்க நிறைய பேர் வழி தவறியிருக்காங்க, ஏன்னா சில விப்ரியோ கூட்டம் கூடினா பாயும், சிலது கூட்டம் கூடினா கையில இருக்கற ஆயுதத்தைக் கீழ போட்டுட்டுக் கிளம்பிடும், ஒரே பாக்டீரியாவுக்குள்ளயே ரெண்டும் நடக்கும். எதை எடுக்கறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இந்த ஸ்விட்ச் எந்தப் பக்கம் விழுதுன்னு கேக்கணும். நான் சொல்ல வர்றது மொத்தமும் இதுதான், கீழ இருக்கறது எல்லாம் இந்த ஒரு கேள்வியை நாலு பாக்டீரியாகிட்ட கேட்டுப் பாக்கறது.

க்ரோமோபாக்டீரியத்தை முதல்லயே முடிச்சிடறேன், அதை எடுக்காதே. கோரம் சென்சிங் ஓடினா வயலசீன்னு ஊதா நிறமி வரும், நின்னா வராது, கண்ணாலயே பாக்கலாம், சண்டிகர்ல இருக்கற எம்டிசிசிங்கற நுண்ணுயிர் சேமிப்பகத்துல இருந்து வாங்கிக்கலாம், செலவும் கம்மி, அதனாலதான் காலேஜ் காலேஜா இதையே பண்றாங்க. வேப்பிலை, துளசி, நொச்சின்னு எதையாவது எத்தனால்ல ஊறப்போட்டு டிஸ்க்ல சொட்டு விட்டா சுத்தி நிறம் போன வட்டம் வரும். நானும் எம்எஸ்சில நொச்சிச் சாறு வெச்சு அஞ்சு மாசம் இதைத்தான் பண்ணேன், வட்டம் அழகா வந்துச்சு, கடைசி மாசம் ஒருத்தர் வந்து க்ரோத் கர்வ் போட்டியாம்மான்னு கேட்டார், செல்லு எவ்ளோ வளருதுன்னு காட்டற அந்த வரைபடத்தைப் போட்டுப் பாத்தா அந்த அளவு சாறுல செல்லு பாதிகூட வளரல. பேசறதை நிறுத்தினேன்னு நெனச்சேன், பேசற ஆளையே கொன்னிருக்கேன். அந்த அஞ்சு மாசம் திரும்ப வராது, அந்த வலி எனக்கு இன்னும் இருக்கு, அதனாலதான் இவகிட்ட இவ்ளோ அழுத்திச் சொல்றேன். அதுவும் போக இது மண்ணுலயும் நன்னீர்லயும் வாழறது, கடலைப் பத்தி நீ கேக்கற கேள்விக்கு இதுகிட்ட பதிலும் இல்ல.

அடுத்து ஃபிஷெரி. இப்போ அலிவிப்ரியோ ஃபிஷெரின்னு பேரு, கோரம் சென்சிங் கதை ஆரம்பிச்ச இடமே இதுதான். ஹவாய்ல கட்டைவிரல் அளவு இருக்கற ஒரு குட்டி கணவாய், யூப்ரிம்னா ஸ்கோலோப்ஸ், அது உடம்புக்குள்ள இந்த பாக்டீரியாவுக்குன்னே ஒரு உறுப்பு வெச்சிருக்கு. உள்ள கூட்டம் கூடினதும் ஒளி வரும், ராத்திரி மேல இருந்து விழற நிலா வெளிச்சத்தோட அந்த ஒளி கலந்துடறதால கீழ இருக்கற மீனுக்கு கணவாயோட நிழல் தெரியாது. விடிஞ்சதும் கணவாய் உள்ள இருக்கற பாக்டீரியால தொண்ணூறு சதவீதத்துக்கு மேல கடல்ல துப்பிடும், மீதி இருக்கறது சாயந்திரத்துக்குள்ள திரும்பப் பெருகும், தினமும் இதே. படிக்கப் படிக்க ஆசையா இருக்கும். சிஸ்டமும் சுத்தமா இருக்கும், லக்ஸ்ஐ மூலக்கூறைச் செய்யும், லக்ஸ்ஆர் அதைப் பிடிச்சுக்கிட்டு போய் ஒளி ஜீன்களை எழுப்பும், ரெண்டு வரில எழுதிடலாம். 25 டிகிரி பக்கம் இருந்தாலே நல்லா மின்னும், நம்ம ஊரு பெஞ்ச் மேலயே வருஷத்துல பாதி நாள் வளக்கலாம்.

குறை என்னன்னா இது யாரையும் நோயில தள்றதில்ல, இது உறவு. வைருலன்ஸ், அதாவது நோய் உண்டாக்கற திறன்னு தலைப்பு வெச்சுட்டு இதை எடுத்தா வைவால முதல் கேள்வியே அங்கதான் விழும். கணவாயும் நமக்கு இங்க கிடைக்காது, ஹவாய்ல இருந்து எம்எஸ்சி ப்ராஜெக்டுக்கு யாரும் வரவழைச்சுத் தரப்போறதில்ல. ஆனா ஒரு வாரம் இதைப் படிச்சுட்டு மத்ததுக்குப் போ, ஏன்னா ஒரு பெரிய குழப்பம் இங்கதான் ஒளிஞ்சிருக்கு: ஃபிஷெரியோட லக்ஸ்ஆரும் காம்பெல்லியோட (பழைய பேப்பர்ல ஹார்வேயி) லக்ஸ்ஆரும் பேருல மட்டும்தான் ஒண்ணு, சொந்தமே கிடையாது, ஒண்ணு மூலக்கூறை நேரா பிடிக்கற புரோட்டீன், இன்னொண்ணு வேற குடும்பம், மூலக்கூறைத் தொடறதே இல்ல. காம்பெல்லி லக்ஸ்ஆருக்கு ஃபிஷெரில இருக்கற சொந்தக்காரன் பேரு லிட்ஆர். இது தெரியாம ஒரு பேப்பர்ல படிச்சதை இன்னொரு பாக்டீரியால ஒட்டிவெச்ச தீசிஸ்களை நானே பாத்திருக்கேன்.

காலரா பத்தி எழுத உக்காந்தா எனக்கு நிறுத்த வராது. 1959ல கல்கத்தாவுல சம்பு நாத் டே முயல் குடல்ல பண்ண சோதனையாலதான் காலரா ஒரு விஷத்தால வர்றதுன்னே உலகத்துக்குத் தெரிஞ்சுது, அந்த மனுஷனுக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை உயிரோட இருக்கும்போது கிடைக்கல. இது குடலுக்கு மட்டும் சொந்தமான கிருமின்னு நாம நெனச்சுக்கறோம், உண்மைல இது கழிமுகத்துலயும் கடலோரத்துலயும் வாழற பாக்டீரியா, கோபிபாட்னு சொல்ற, கண்ணுக்கு அவ்வளவா தெரியாத இறால் மாதிரி உயிர்களோட ஓட்டுல கூட்டமா ஒட்டிக்கிட்டு இருக்கும். அமெரிக்க விஞ்ஞானி ரீட்டா கால்வெல் குழு வங்கதேசத்துல மட்லப் பக்கத்து கிராமங்கள்ல பழைய புடவையைப் பல மடிப்பா மடிச்சு தண்ணி வடிகட்டச் சொன்னாங்க, காலரா கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சுது, 2003ல வெளியிட்டாங்க. பாக்டீரியா புடவை இழையைத் தாண்டிப் போற அளவு சின்னதுதான், ஆனா அது ஏறி உக்காந்திருக்கற கோபிபாட் தாண்டாது. நம்ம பாட்டி குடத்து வாயில துணி கட்டி தண்ணி பிடிச்சது எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் ஞாபகம் வரும்.

இப்போ ஸ்விட்சுக்கு வருவோம். காலரால ஆளு கம்மியா இருக்கும்போதுதான் விஷமும் குடல்ல ஒட்டிக்கற மயிரிழையும் உருவாகும், எதுமேலயாவது படலமா ஒட்டிக்கற பயோஃபிலிமும் அப்போதான். கூட்டம் கூடினதும் ஹாப்ஆர்னு ஒரு புரோட்டீன் எழுந்து வந்து இதையெல்லாம் அணைச்சுட்டு, ஒட்டினதை அறுத்து விடற புரோட்டியேஸை எழுப்பும். யோசிச்சுப் பாத்தா நியாயம்தான், காலராவுக்கு ஒரு குடலுக்குள்ளயே இருந்து பிரயோஜனம் இல்ல, வயித்துப்போக்கோட வெளியே போய் அடுத்த ஆளைப் பிடிக்கணும், நிறைய பேர் ஆயிட்டோம் கிளம்பலாம்னு சொல்ற மணிதான் இதோட கோரம் சென்சிங். அப்போ கோரம் சென்சிங்கை அடைக்கற மருந்தை காலராவுக்குக் கொடுத்தா என்ன ஆகும்? அது தான் இன்னும் தனியா இருக்கோம்னு நெனச்சுக்கிட்டு விஷத்தைச் செஞ்சுக்கிட்டே இருக்கும். வேண்டியது நேர் எதிர், கூட்டம் கூடிடுச்சுன்னு பொய் சொல்ற மருந்து. 2010ல டுவான், மார்ச்ங்கற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அதைத்தான் பண்ணாங்க, காலராவோட சிஏஐ-1 மூலக்கூறைச் செய்யற மாதிரி ஈ.கோலைங்கற குடல் பாக்டீரியால கெடுதல் பண்ணாத ஒரு வகையை மாத்தி, அதை முன்கூட்டியே குட்டி எலிகளுக்குக் கொடுத்துட்டு அப்புறம் காலரா கொடுத்தாங்க, எலிகள் நிறைய பிழைச்சுது. இதைவிட அழகான யோசனை இந்தத் துறைல நான் படிச்சதில்ல.

இவ்ளோ புகழ்ந்துட்டு வேண்டாம்னு சொல்றது எனக்கே கஷ்டமாதான் இருக்கு. ஆனா குட்டி எலி மாடலுக்கு விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி வர்றதுக்குள்ள ஆறு மாசமும் போயிடும், பயோசேஃப்டி லெவல் 2 லேப் வேணும், எலி இல்லாம டியூப்ல மட்டும் பண்ணா நோய்க் கேள்வியோட பாதி கையை விட்டுப் போயிடும். இன்னொரு பொறியும் இருக்கு, 2000ல முழு ஜீனோம் படிச்ச என்16961ங்கற காலரா ஸ்ட்ரெய்ன்ல, அதாவது காலராவோட ஒரு கிளை வகைல ஹாப்ஆர் ஜீனே உடைஞ்சு கெடக்கு, பேரு பெத்த ஸ்ட்ரெய்னாச்சேன்னு அதை வாங்கி வெச்சுக்கிட்டு கோரம் சென்சிங் தேடினா கிடைக்காது, சி6706 மாதிரி ஹாப்ஆர் ஒழுங்கா இருக்கறதைத்தான் எடுக்கணும். பிஎச்டிக்கு அஞ்சு வருஷம் கையில இருக்கற ஆளு கேட்டா ரெண்டாவது யோசனையே இல்லாம காலரான்னுதான் சொல்வேன்.

நடுவுல ஒருத்தர் அவகிட்ட, பண்ணைல இருந்து பாராஹீமோலிட்டிகஸ்ங்கற இன்னொரு விப்ரியோவைப் பிரிச்செடுத்து, அந்த ஐசோலேட்டை வெச்சுப் பண்ணுன்னு சொன்னாராம். இறால்ல இஎம்எஸ்னு சொல்ற ஏஎச்பிஎன்டி நோயோட ஆளு அது, பிளாஸ்மிட்ங்கற ஒரு தனி டிஎன்ஏ வளையத்துல இருக்கற பிர்ஏ, பிர்பி ரெண்டு விஷம்தான் ஈரல்கணையத்தை அழிக்குது. பெரிய விஷயம், ஆனா எந்த ஐசோலேட்ல என்ன இருக்குன்னு சரிபாக்கவே ரெண்டு மாசம் ஆகும், வேண்டாம்.

ஆக காம்பெல்லி. இதைப் பத்திதான் நான் அதிகம் யோசிச்சேன்.

பேரு குழப்பத்தை முதல்ல தீத்துக்க. பழைய பேப்பர்ல எல்லாம் விப்ரியோ ஹார்வேயி பிபி120னு இருக்கும், 2010ல ஜீனோமை ஒப்பிட்டுப் பாத்து இது காம்பெல்லிதான்னு மாத்திட்டாங்க, அதனால தேடும்போது ரெண்டு பேரையும் போட்டுத் தேடு. அமெரிக்காவுல பானி பாஸ்லர்ங்கற விஞ்ஞானியோட லேப் பல வருஷம் உழைச்ச பாக்டீரியா இது. மூணு மூலக்கூறு பேசும்: ஹெச்ஏஐ-1, ஏஐ-2, சிஏஐ-1. முதலாவது தன் இனத்துக்கும் ரொம்ப நெருங்கின சொந்தத்துக்கும், சிஏஐ-1 விப்ரியோ குடும்பத்துக்கு, ஏஐ-2 பல இன பாக்டீரியாவும் செய்யறது, அதோட அமைப்புக்குள்ள போரான் இருக்குன்னு 2002ல கண்டுபிடிச்சாங்க, உயிர்வேதியியல்ல போரானைப் பாக்கறதே அபூர்வம். மூணு வாசல்ல வர்ற சேதியும் லக்ஸ்யூ, லக்ஸ்ஓன்னு ஒரே பாதைல சேந்துடும். ஆளு கம்மியா இருந்தா க்யூஆர்ஆர்னு அஞ்சு குட்டி ஆர்என்ஏ உருவாகி லக்ஸ்ஆர் ஆர்என்ஏவைத் தலைதூக்க விடாது, கூட்டம் கூடினா குட்டி ஆர்என்ஏ நிக்கும், லக்ஸ்ஆர் வரும், ஒளி வரும். மூணு வாசலையும் தனித்தனியா உடைச்ச மியூட்டன்ட் (ஜீன் மாறின பாக்டீரியா) இருக்கறதால எந்த சேதிக்கு என்ன வேலைன்னு பிரிச்சுக் கேக்கலாம், ஆறு மாசத்துல முடியற கேள்வி இது.

ஸ்விட்ச் எந்தப் பக்கம்? ரெண்டு பக்கமும். கூட்டம் கூடினா ஒளியும் புரோட்டியேஸும் ஏறும், ஆனா டைப் த்ரீ சுரப்பு, அதாவது எதிராளி செல்லுக்குள்ள ஊசி மாதிரி குத்தி புரோட்டீன் ஏத்தற கருவி, கூட்டம் கூடினா அணையும், 2004லயே ஹென்கேயும் பாஸ்லரும் காட்டியிருக்காங்க. அப்போ பேச்சை அடைச்சா ஒரு ஆயுதம் கீழ போகும், இன்னொண்ணு மேல வரும். மொத்தக் கணக்குல நோய் கூடுமா குறையுமான்னு டியூப்ல பாத்து சொல்லவே முடியாது, உயிருள்ள ஒண்ணுல போட்டுத்தான் பாக்கணும். பெல்ஜியத்துல கென்ட் பல்கலைக்கழகத்து டாம் டிஃபோர்ட் குழு 2005ல ஆர்டீமியாங்கற, உப்புத் தண்ணில வாழற இறால் மாதிரி குட்டி உயிர்ல போட்டுப் பாத்து, ஏஐ-2 வழியை அடைச்சா ஆர்டீமியா சாவறது குறையுதுன்னு காட்டினாங்க. அந்த ஒரு விலங்குல, அந்த ஒரு வழில, அவ்வளவுதான் சொல்லலாம், அதுவே பெரிய விஷயம்.

இந்த ஆர்டீமியாதான் பெங்களூர்ல உக்காந்திருக்கற ஆளுக்கு வரம். கடல் இங்கிருந்து முன்னூறு கிலோமீட்டர் பக்கம், ஆனா சிவாஜிநகர் பக்கம் மீன் தொட்டிக் கடைல முட்டை டப்பா வாங்கிக்கலாம், உப்புத் தண்ணில காத்து விட்டா ஒரு நாள்ல பொரியும், எலி மாதிரி குழு அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். ரெண்டு விஷயம் மட்டும் மறக்காதே. முட்டையை ஹைப்போகுளோரைட்ல ஓடு கரைச்சு கிருமி இல்லாம பொரிக்க வை, இல்லன்னா முட்டை மேல ஏற்கெனவே இருக்கற விப்ரியோதான் உன் ரிசல்டை எழுதும். பொரிஞ்ச உடனே அதுக்கு வாய் திறந்திருக்காது, அடுத்த நிலைக்கு வந்தப்புறம்தான் சாப்பிட ஆரம்பிக்கும், அதுக்கு முன்னாடி பாக்டீரியா போட்டுட்டு ஒண்ணும் ஆகலையேன்னு எழுதிடாதே.

அவ அப்பா விஷயமும் இதுல இருக்கு. ராத்திரி லைட்டை அணைச்சா தொட்டில குஞ்சுங்க பச்சை நீலமா மின்னும், அப்படி மின்னின தொட்டியை மறுநாள் குளோரின் போட்டுக் கொட்டிடுவாங்கன்னு அவ சின்ன வயசுல இருந்தே பாத்திருக்கா. அந்த வெளிச்சம் காம்பெல்லி-ஹார்வேயி கூட்டத்தோடது. 2019 ஆகஸ்ட்ல சென்னை பீச்ல நீலமா அலை மின்னுச்சே, அது வேற, நாக்டிலூகாங்கற ஒரு செல் உயிர், அலை மோதும்போது மட்டும் பளிச்சுன்னு அடிக்கும், பாக்டீரியா மாதிரி நிதானமா விடாம எரியாது. விடாம எரிஞ்சதுக்கு உதாரணம் 1995ல சோமாலியா பக்கம் கடல் மூணு ராத்திரி பால் மாதிரி வெளுத்து சேட்டிலைட்லயே தெரிஞ்சது, பரப்பு 15,400 சதுர கிலோமீட்டர், ஒளிரும் பாக்டீரியாதான்னு கணிச்சாங்க. கடல்ல அவ்ளோ பெரிசா நடக்கறது அவங்க ஊரு சிமென்ட் தொட்டில நடக்கும்போது ஒரு குடும்பத்தோட மாசச் சம்பளமே போயிடுது. குளோராம்ஃபெனிகாலும் நைட்ரோஃப்யூரானும் இறாலுக்குத் தடை, போடவும் கூடாது, அப்போ கொல்லாம அடக்கற வழி இருக்கான்னு அவ கேக்கறது பாடத்துக்காக மட்டும் கேக்கற கேள்வி இல்ல, அதுதான் நான் இந்தப் பக்கம் சாயறதுக்குப் பாதி காரணம்.

அடக்கறதுக்கு எதை எடுக்கறது? ஆஸ்திரேலியாவோட டெலிசியா பல்க்ரா செம்பாசில இருந்து வந்த ஃப்யூரனோன்ங்கற வேதிப்பொருள் பேரு பெத்தது, ஆனா அளவு கொஞ்சம் கூடினா ஆர்டீமியாவுக்கே விஷம், தொட்டில ஊத்தற சாமான் இல்ல அது. நம்ம சமையல் பட்டைல இருக்கற சின்னமால்டிஹைடு காம்பெல்லி லக்ஸ்ஆர் டிஎன்ஏவைப் பிடிக்கறதைத் தடுக்குதுன்னு 2008ல காட்டியிருக்காங்க, சுத்தமான கெமிக்கலா சுலபமா கிடைக்கும், சாறு மாதிரி உள்ள என்ன இருக்குன்னு தெரியாத நிலைமை இல்ல. இதை எடு. ஆனா நான் நொச்சில பண்ண தப்பைப் பண்ணாதே: க்ரோத் கர்வ் முதல் வாரமே போடு, அதுல கைவைக்காத அளவை மட்டும் பயன்படுத்து. அதோட, ஒளி குறைஞ்சா கோரம் சென்சிங் குறைஞ்சுதுன்னு எழுதிட முடியாது, ஒளியை உண்டாக்கற லூசிஃபெரேஸ் என்சைமுக்கு ஆக்சிஜன் வேணும், செல்லோட சக்தியும் வேணும், மருந்து அதைத் தொட்டாலும் ஒளி மங்கும், அதனால கோரம் சென்சிங் இல்லாமலே எப்பவும் ஒளிரற மாதிரி செஞ்ச ஒரு ஸ்ட்ரெய்னையும் பக்கத்துலயே ஓட்டணும். ஏஐ-2வை ஒளியா அளந்து காட்டற பிபி170ங்கற ரிப்போர்ட்டர் ஸ்ட்ரெய்ன் வெச்சா, அதை வளக்கற மீடியத்துல குளுக்கோஸ் இருக்கக் கூடாது, இருந்தா ரீடிங் பொய் சொல்லும். தீசிஸ்ல "இதுக்கு எதிர்ப்பு வராது"ன்னு மட்டும் எழுதாதே, சூடோமோனாஸ்ல ஃப்யூரனோனை வெளியே தள்ளற மியூட்டன்ட் வந்தாச்சு.

நேத்து ராத்திரி மெசேஜ் பண்ணியிருந்தா, காம்பெல்லிதான்க்கா, கைடும் சரின்னுட்டார்னு. ஸ்ட்ரெய்ன் வந்த அன்னிக்கே கிளிசரால்ல இருபது சின்னக் குப்பி போட்டு ஃப்ரீசர்ல வெச்சுடுன்னு பதில் போட்டேன், ஒரே பிளேட்டை வாரக்கணக்கா தேய்ச்சுக்கிட்டு இருந்தா நடுவுல இருட்டுக் காலனி வர ஆரம்பிக்கும், மத்தது எல்லாம் செலவு பண்ணி புரோட்டியேஸ் செய்ய, தான் ஒண்ணும் செய்யாம அதுல பிழைக்கற மியூட்டன்ட் அதுல இருக்கும். ஒவ்வொரு தடவையும் டியூப்ல போடறதுக்கு முன்னாடி லைட்டை அணைச்சுட்டு பத்து நிமிஷம் கண்ணு பழகற வரைக்கும் உக்காந்து பிளேட்டைப் பாத்துட்டு மின்னற காலனியைத் தொட்டு எடுக்கணும். அப்பாகிட்ட சொன்னாளாம், அவர் இதைத்தான் நாங்க தொட்டிகிட்ட தினமும் ராத்திரி பண்றோம்னாராம்.